தாய்மாமன் கட்டிய காகிதப் பந்தல்

நான் கட்டிய முதல் கட்டடத்தை ஆடு தின்றுவிட்டது. வெளியில் சொல்லும்போது ஒரு ஆடு என்றுதான் சொல்வேன். உண்மையில் இரண்டு.

கட்டடம் என்றால் சிரிப்பார்கள் என்பதால் பந்தல் என்றே வைத்துக்கொள்வோம். ஊரில் மற்றவர்கள் கட்டியது ஒழுகும், விரிசல் விடும், பங்காளிச் சண்டையில் கோர்ட்டுக்குப் போகும். ஜீரணமாகிப் போனது என்னுடையது ஒன்றுதான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. (பட வேண்டிய வெட்கம் அம்புட்டையும் அன்றைக்கு ஒரே நாளில் பட்டு முடித்துவிட்டேன்.)

பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்து மூன்றாவது செமஸ்டரோடு நின்றவன் நான். அப்பா இறந்த வருடம் அது. அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள். அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது, எனக்குச் சோறு வேண்டியிருந்தது. சிவகாசியில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். மூணாறில் ஒரு லாட்ஜில் மாடிக்கு வெந்நீர் தூக்கினேன். ஒரு வருடம் மதுரைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டினேன். பாதி இடங்களில் துரத்திவிட்டார்கள், பாதி இடங்களில் அதற்கு முன்பே நானாகக் கிளம்பிவிட்டேன். கொரோனாவுக்கு இரண்டு வருடம் முந்தி, முப்பத்து மூன்று வயதில், சிம்மக்கல்லில் ஒரு பழைய பேப்பர் மொத்தக் கடைக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை நாகமலை புதுக்கோட்டைக்கு ஒரு வண்டி பழைய பேப்பர் ஏற்றிக்கொண்டு போனேன். ஓடாமல் கிடந்த ஒரு மாவு மில் கொட்டகை. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பெயர் தேன்மொழி, ஆர்க்கிடெக்ட்.

"இம்புட்டுப் பேப்பர் எதுக்கு மேடம்? வடைக்கடை போடப் போறீங்களா?"

"இல்லண்ணே. வீடு கட்டப் போறோம்."

படித்தவர்களுக்குக் கிறுக்குப் பிடித்தால் வெயிலில் நிற்பவர்களைவிட மோசமாகப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு மூட்டைகளை இறக்கினேன்.

உள்ளே பதினைந்து கல்லூரிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற வகுப்பாம். கம்ப்யூட்டர் கிடையாது, வரைபலகை கிடையாது. பழைய பேப்பர், சணல், விளக்குமாற்றுக் குச்சி, மைதாப் பசை, செங்கல். முதலில் கையால் செய்ய வேண்டும், அது விழ வேண்டும், ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும், அதற்கப்புறம் ஆசைப்பட்டால் படம் வரையலாம் என்பது மேடத்தின் கட்சி. அன்றைய பாடம்: ஒரே ஒரு தாளை வைத்து ஒரு செங்கலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகள் மடித்தார்கள், மறுபடி மடித்தார்கள், ஏதோ கணக்குப் போட்டார்கள். செங்கல் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தாளை நாலாகக் கிழித்து, சிவகாசிக் கையால் நாலு குழாய் சுற்றி நிறுத்தி, மேலே செங்கலை வைத்தேன். நின்றது. இரண்டாவது வைத்தேன். நின்றது. மூன்றாவதும் நின்றது. பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பனியன் மடித்தபோதெல்லாம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மேடம் வந்து பார்த்தார். அப்புறம் செங்கல்களை எடுத்துவிட்டு, ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். நசுங்கிவிட்டது.

"ஏன் நசுங்குச்சுண்ணே?"

"நீங்க உக்காந்ததால மேடம்."

"அது சரி. எந்தக் குழாய் முதல்ல போச்சு? அது மட்டும் ஏன்?"

மூன்றாவது செமஸ்டர் வரை எத்தனையோ கேள்விக்குப் பதில் தெரியாமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இந்தக் கேள்வி மட்டும் வண்டியிலேயே கூட வந்தது. அடுத்த சனிக்கிழமை லோடு இல்லாமலேயே போய் நின்றேன். மேடம் ஒரு கட்டுப் பேப்பரை நீட்டினார்.

இப்படியாக எட்டு மாதம். குச்சிகளைச் சதுரமாகக் கட்டினால் சாய்கிறது, குறுக்கே ஒரு குச்சி வைத்து முக்கோணமாக்கினால் அசைய மறுக்கிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது. ஒரு நாள் மேடம் செவ்வந்தி மாலை ஒன்றை இரண்டு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு, அது தொங்குகிற வளைவைப் பலகையில் கரியால் வரையச் சொன்னார். வரைந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பினார். அருமையான ஒரு வளைவு நின்றது. தொங்கும்போது தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கிற உருவம், கவிழ்த்தால் தன்னைத்தானே தாங்கி நிற்கும் என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் உருப்படவில்லை. ஈபி கம்பி, கொடியில் காயும் வேட்டி, டவுன் பஸ்ஸில் நடத்துனர் இழுக்கும் கயிறு, எதைப் பார்த்தாலும் தலையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சிக்னலில் பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் நம்பத் தொடங்கிய நேரம் அது. சரியாக அந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

அக்கா செல்வி இருப்பது வண்டியூரில், தெப்பக்குளத்தைத் தாண்டி. மச்சான் முருகேசன் டைல்ஸ் கடையில் மேற்பார்வை. ஒரே பெண் யாழினி, அப்போது ஐந்து வயது. அவளுக்குக் காது குத்து. எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் அது தாய்மாமனுக்கான விசேஷம். சீர் கொண்டுவருவது அவன், பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொள்வது அவன். கல்யாணத்தில் மாப்பிள்ளை வராவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இதில் மாமன் வராவிட்டால்.

"டேய் செந்திலு, வளைகாப்புக்கு நீ வரல. பேரு வைக்க வரல. ஒனக்குத் தம்பின்னு ஒருத்தன் நெசமாவே உண்டா, இல்ல சும்மா சொல்றியான்னு எங்க அத்தை அஞ்சு வருசமாக் கேக்குது. இதுக்கும் வரலேன்னா ராஜபாண்டி அண்ணே மடியில உக்காத்திருவாங்க. அதுக்கப்புறம் ஒன்ன மாமான்னு கூப்புட இந்த வீட்டுல ஆளு கிடையாது, பாத்துக்க."

"வாரேன்க்கா."

"வெறுங்கையோட வந்துறாதடா."

ராஜபாண்டி எங்கள் பெரியப்பா மகன். நல்ல மனுஷன். அவரிடம் இருந்த ஒரே குறை இரண்டு ஜேசிபி. கொட்டு மேளம், வரிசைத் தட்டுகள், சரவெடி என்று அவர் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். என் கைக்கு எட்டியது பிள்ளைக்கு ஒரு பட்டுப் பாவாடை, ஒரு ஆட்டுக்கிடா, கொஞ்சம் பழத்தட்டு. அதை வைத்துக்கொண்டு அக்காவின் மாமியார் முன்னால் நிற்க முடியாது. அந்த அம்மா ஆளைப் பார்க்கிற பார்வையே செருப்பின் தேய்மானத்திலிருந்து ஆரம்பிக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் எந்தத் தாய்மாமனும் செய்யாத சீர். காது குத்துகிற பந்தலையே நான் கட்டுகிறேன், காகிதத்தில்.

மேடத்திடம் சொன்னபோது அவர் கண் விரிந்தது. அத்தனை பெரிதாக அவரும் கட்டிப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் பந்தலுக்குள் யார் யார் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்று ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். அளவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு பக்கம் எழுதினேன். ஊதுகிறவர் நிமிர்ந்தால் நாதஸ்வரம் மேலே இடிக்கக் கூடாது. வீடியோக்காரர் ஏணி போட இடம் வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு ஓரத்தில் நாற்காலி. பிள்ளைகள் ஓடுவார்கள், பந்தல் காலில் முட்டிக்கொள்ளக் கூடாது. மச்சானின் சித்தப்பா எந்த விசேஷத்திலும் ஒரு கட்டத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். அவர் போவதை எல்லோரும் பார்க்கும்படி நேராக ஒரு வழி. மேடம் அந்த வரியைப் படித்துவிட்டு, "இதாண்ணே டிசைன்" என்றார். என் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

நியூஸ் பேப்பர் தாங்காது என்று போஸ்டர் தாளுக்கு மாறினேன். மதுரையில் மனிதன் பிறந்தால், மொட்டை போட்டால், வயசுக்கு வந்தால், கவுன்சிலருக்கு வணக்கம் சொன்னால், செத்தால், எல்லாவற்றுக்கும் போஸ்டர் உண்டு. அச்சில் பிழை விழுந்தவை கட்டுக் கட்டாகக் கழிவுக்கு வரும். நல்ல தடித்த தாள், பின்பக்கம் பால் வெள்ளை. அந்தக் கட்டுகளில் கண்ணீர் அஞ்சலிகளும் கலந்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. அச்சு உள்பக்கம் போகும்படி சுற்றிவிட்டால் வெளியே வெள்ளைதானே, யாருக்குத் தெரியும் என்று சுற்றிவிட்டேன். (இந்த 'யாருக்குத் தெரியும்' என்ற வார்த்தையை என் தலைமுறையோடு ஒழித்துவிட வேண்டும்.)

அடுத்தது பசை. போஸ்டர் ஒட்டிய காலத்தில் படித்த பாடம் ஒன்று உண்டு. மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு கை போட வேண்டும். அது நஞ்சு, பச்சை நீலமாக இருக்கும். போடாவிட்டால் ஒட்டிய சூட்டோடு மாடு வந்து தலைவரை நாக்கால் உரித்துவிடும். மேடத்தின் பட்டறையிலும் துத்தம் போட்டுத்தான் காய்ச்சுவோம். ஆனால் இது குழந்தைகள் வருகிற விசேஷம், கையை வைக்கும், வாயில் வைக்கும். நஞ்சு கூடாது என்று துத்தத்தை விட்டுவிட்டேன். துத்தம் இல்லாவிட்டால் பசை புளித்துவிடுமே? ஊறுகாய் எதனால் கெடுவதில்லை என்று யோசித்தேன். கல் உப்பு. பானைக்கு இரண்டு கை தாராளமாக அள்ளிப் போட்டேன். இந்த முடிவை நான் யாரிடமும் கேட்கவில்லை. சொந்தமாக யோசித்ததில் அப்படியொரு பெருமை.

பதினோரு நாள் குழாய் சுற்றினேன். பல குழாய்களைச் சேர்த்து வரிந்து தொடை மொத்தத்துக்கு நாலு கால். மாலையைக் கவிழ்த்த வளைவில் அவை எழுந்து உச்சியில் சேரும். இடையில் எல்லாம் முக்கோணம். கால்கள் விலகினால் வளைவு உட்கார்ந்துவிடும் என்பதால் நாலு காலையும் சுற்றி அடியில் கயிறு. விசேஷத்துக்கு முந்தின நாள் காலை மேடமும் பிள்ளைகளும் வந்து, அக்கா வீட்டை ஒட்டிய காலி மனையில் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். மேலே மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தினோம். மேடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். மறுநாள் அவருக்குத் திண்டுக்கல்லில் வேலை என்று கிளம்பிவிட்டார். அந்த வேலையைக் கொடுத்தவருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. தெருவே வந்து பார்த்தது. மச்சான் பந்தல் காலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, நீயாடா கட்டுன?" என்று நாலு தடவை கேட்டார். மாமியார் வந்தார். முதல் முறையாக அவர் பார்வை என் செருப்பில் ஆரம்பிக்காமல் உச்சியில் ஆரம்பித்தது.

"நல்லாத்தான் இருக்கு. நிக்குமா?"

"பத்துப் பேரு தொங்கலாம் அத்தை" என்று சொல்லி, நானே ஒரு வளைவைப் பிடித்துத் தொங்கிக் காட்டினேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் எனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் என் பெயரைச் சொல்லி அவள் தலை நிமிர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் பந்தல் நிறைந்துவிட்டது. சீர் வரிசை மேளத்தோடு வந்தது. என் கிடாவுக்கு மாலை போட்டு, கொம்புக்கு வண்ணம் அடித்திருந்தேன். ராஜபாண்டி அண்ணே பிடித்துவந்த கிடா கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. சீர்க் கிடாவைச் சபைக்கு முன்னால் கட்டுவது வழக்கம். யார் கொண்டுவந்தது என்று நாலு பேர் பார்க்க வேண்டும் அல்லவா? பெரியப்பா, "மாமன் கிடாவ முன்னுக்குக் கட்டுப்பா" என்றார். என் கிடாவை நானே பந்தலின் முன்காலில் கட்டினேன். அண்ணே கிடாவைச் சபைக்குத் தெரியக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு வாங்கி, பின்காலில் கட்டினேன்.

அந்த இரண்டு பக்கப் பட்டியலில் நாதஸ்வரம் இருந்தது, மூட்டு வலி இருந்தது, சித்தப்பாவின் கோபம் இருந்தது. ஆடு இல்லை.

நடுவில் மனைப்பலகையில் உட்கார்ந்தேன். காலையில் கோயிலில் மொட்டை அடித்து, தலையெல்லாம் சந்தனத்தோடு யாழினி என் மடிக்கு வந்தாள். அவள் என்னை அதற்கு முன் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்து, "இது நீங்க செஞ்சதா?" என்றாள். ஆமாம் என்றேன். மடியில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ராஜா மாதிரி இருந்தது. பின்னால் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. பெண்கள் கட்டியிருந்த பட்டுச் சேலையின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். வலது காது. ஒரு வீறல், வாயில் ஒரு சாக்லேட், முடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எதிரே நின்றிருந்த மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, யாரு அது?"

திரும்பினேன். பின்காலில் தொடை மொத்தத்துக்கு இருந்தது கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. ஜேசிபிக்காரரின் கிடா நிதானமாக, இலையில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி, உப்புப் பசையின் ருசிக்குத் தாள் தாளாக உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது இழுத்த இழுப்பில் ஒரு போஸ்டர் பாதி பிரிந்து, உள்பக்கம் வெளியே தெரிய, சபையைப் பார்த்துத் தொங்கியது. அதில் முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே, அமரர் வெள்ளைச்சாமி.

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

"எம் பேத்தி காதுகுத்துக்கு யாரக் கூட்டிக்கிட்டு வந்துருக்க நீ?" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதற்குள் தெருவில் ராஜபாண்டி அண்ணே ஆட்கள், உள்ளே நடப்பது தெரியாமல், குத்தியாகிவிட்டது என்று சரவெடியைப் பற்றவைத்தார்கள். முதல் வெடிக்கே என் கிடா முன்பக்கம் பாய்ந்தது, அண்ணே கிடா பின்பக்கம் பாய்ந்தது. முன்காலும் அதற்குள் பாதி வயிற்றில் போயிருந்திருக்கிறது. இரண்டு காலும் அடியோடு பிடுங்கிக்கொண்டு போக, கால்களைச் சுற்றியிருந்த கயிறு அறுந்தது.

பந்தல் சட்டென்று விழவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி உண்டு. முக்கோணங்கள் கடைசிவரை போராடின. வயசான மனுஷன் சாமி முன்னால் விழுந்து கும்பிடுவதுபோல் முதலில் குனிந்து, அப்புறம் மண்டியிட்டு, அப்புறம் முழுதாகச் சபையின்மேல் படுத்துக்கொண்டது. காகிதம்தானே, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெள்ளைத் துணிக்கு அடியில் நூறு தலைகள் எழும்பி எழும்பி அமுங்கின. மச்சானின் சித்தப்பா கோபித்துக்கொண்டு போக எழுந்திருக்கிறார். அவருக்காக நான் வைத்த வழி அவர் தலைமேல் கிடந்தது. ஆசாரி மட்டும், "ஊசி, ஊசி, ஊசியப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

யாழினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு முக்கோணத்தின் வழியாகத் தலையை வெளியே நீட்டினேன். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரையும் வெளியே எடுத்து, துணியைச் சுருட்டி, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து முடித்தபோது மாமியார் தீர்ப்புச் சொன்னார். அபசகுனம் வந்துவிட்டது, இன்னொரு காதுக்கு ராஜபாண்டி உட்காரட்டும். மச்சான் தரையைப் பார்த்தார். பெரியப்பா வெற்றிலையை மடித்தார். ராஜபாண்டி அண்ணே சங்கடத்தோடு துண்டை உதறிப் போட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் யாழினியை இறக்கிவிடக் குனிந்தேன். அவள் என் சட்டையை விடவில்லை. அண்ணேவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் வீடு விழுமா?"

"விழாது பாப்பா" என்றார் அண்ணே, தைரியம் கொடுக்கிற குரலில்.

"அப்ப வேணாம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணேவும் சிரித்துவிட்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அக்கா முன்னால் வந்தாள். மாமியாரிடம் அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அத்தை, ஒரு காது அவன் மடியில குத்தியாச்சு. இன்னொன்னும் அங்கதான்."

மாமியார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் தரையில் கிடந்த போஸ்டரைப் பார்த்தார்.

"சரி. ஆனா விசேஷத்துக்கு வந்துட்ட மனுசன வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது. மொதல்ல அவருக்கு எலை போடு."

எனக்கு விளங்கவில்லை. "யாருக்கு அத்தை?"

"ஒன்கூட வந்தவருக்குத்தான்."

ஆக, காலி மனையில், சாய்ந்த கால் ஒன்றில் வெள்ளைச்சாமியைச் சாத்திவைத்து, முழு வாழையிலை போட்டு, கறியும் சோறும் நானே பரிமாறி, விழுந்து கும்பிட்டேன். அவர் சாப்பிட்டு முடிப்பதற்கு நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் நாற்காலியில் உட்கார்ந்து இடது காதையும் குத்தினோம். ஆசாரிக்குக் கை உதறல் நிற்கவில்லை; அந்த ஓட்டை ஒரு நூல் மேலே ஏறிவிட்டது. யாழினி இப்போதும் போட்டோவுக்குத் தலையைச் சாய்த்துத்தான் நிற்பாள்.

சாயங்காலம் மேடம் போன் செய்து எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னேன்.

"அண்ணே, லிஸ்ட்டுல ஆடு எழுதலையே."

"இல்ல மேடம்."

"நானும் கவனிக்கல" என்றார். அதற்காகவே அவரிடம் நிரந்தரமாக வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இதுவரை நான் ஓடாத ஒரே இடம் அதுதான். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் முதல் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டும்போது, நானும் மேடமும் ஒரே குரலில் கேட்கிற முதல் கேள்வி என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வெள்ளைச்சாமியை அவர் வீட்டில் சேர்த்துவிடுவது என்று மச்சானும் நானும் முயன்றோம். போஸ்டரில் ஊர்ப் பெயர் இருந்த மூலையைக் கிடா தின்றிருந்தது. மரித்த தேதியைப் பார்த்தால், பிறந்த தேதிக்கு எட்டு வருடம் முந்தியது. அச்சகம் ஏன் கழித்துப் போட்டது என்று அப்போதுதான் புரிந்தது. திதி எப்போது என்று தெரியாத மனுஷனை நடுத்தெருவில் விட முடியாது, நம் வீட்டுப் பிள்ளை மேல் ஏக்கம் வைத்துவிடுவார் என்றார் மாமியார். முகத்தை மட்டும் வெட்டி லேமினேட் செய்து, தன் கணவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒவ்வொரு வருடமும் யாழினிக்குக் காது குத்திய நாளில் அவருக்குப் படையல். பரிமாற நான் வந்தாக வேண்டும். வளைகாப்புக்கும் பேர் வைக்கவும் வராதவன், இந்த ஆறு வருடத்தில் ஒரு படையலைக்கூடத் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் மச்சானின் தம்பிக்குக் கல்யாணமாகி வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். படையல் அன்று சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முறை கேட்டுக்கொண்டே வந்தவள், முறுக்கு மீசைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இவரு நமக்கு என்ன வேணும் அத்தை?"

மாமியார் நான் வைத்த இலையில் ஒரு கரண்டி குழம்பைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அவரு செந்திலு கொண்டாந்த சீரு. வந்த தட்டெல்லாம் யாரு வச்சதுன்னு மறந்து போச்சு. இவரு ஒருத்தருதான் இன்னும் இருக்காரு."

யாழினி என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். நான் இலைக்குத் தண்ணீர் வைத்தேன்.